மெல்லிய பலகையும் முரட்டு ஆணியும்

சகோதரி ஒருவர் கடிதம் எழுதிக் கேட்கிறார்: "என் கலியாணத்தின்போது மைசூரிலிருந்து ஒரு மரச் சித்திரம் பரிசாக வந்தது. கரிய பலகையில் பல நிற மரத்துண்டுகளைப் பதித்து, யானைகள் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடிப்பதுபோல் செய்திருக்கிறார்கள். பலகையின் கனம் கால் அங்குலந்தான் இருக்கும். ஆணியடித்து மாட்டினால் பிளந்து போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடியால், இரண்டு வருஷமாகப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. இதைச் சுவரில் மாட்டுவதற்கு ஏதேனும் வழி உண்டா?"

பெரியவர்கள் சொன்னதில் தவறில்லை. அப்படிப்பட்ட பலகையில் ஆணியடித்தால் அநேகமாகப் பிளந்துதான் போகும். ஆனால் ஆணியடிப்பதைத் தவிர மாட்டுவதற்கு வேறு மார்க்கம் இல்லை என்று அவர்கள் முடிவு கட்டியதுதான் அவசரம். மார்க்கங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் எதுவும் ஒரு நல்ல தச்சரின் அரை நாள் வேலைக்கு மேற்பட்டதன்று. அவற்றை விவரிக்குமுன், மெல்லிய பலகை ஏன் பிளக்கிறது என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். காரணம் தெரிந்துவிட்டால், வழியைப் பாதிக்கு மேல் கண்டுபிடித்தவர்களாவோம்.

என்னுடன் வேலை பார்க்கும் உபாத்தியாயர் ஒருவர், புடைப்புச் செதுக்கு வேலை செய்த ஒரு வாகைப் பலகையை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தார். கையில் விளக்கேந்திய பெண்ணின் உருவம். முகத்தில் களை சொட்டிற்று. வாசலில் பெயர்ப்பலகை பொருத்துவதுபோல், நான்கு மூலைகளிலும் நான்கு திருகாணிகளை இறுக்கிக் கூடத்துச் சுவரில் பதித்துவிட்டார். மார்கழியில் மாட்டிய பலகை, சித்திரை பிறப்பதற்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விட்டுவிட்டது. "பார்த்தீர்களா ஸார், நம் தொழிலாளியின் நாணயத்தை! ஈர மரத்தைத் தலையில் கட்டிவிட்டான். இனி இந்தச் சாமான் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்" என்றார் நண்பர்.

பலகையைக் கழற்றி எங்கள் தெருவில் உள்ள வயோதிகத் தச்சரிடம் காட்டினோம். அவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, பிறகு சொன்னார்: "மரம் நல்ல மரந்தானுங்க, ஐயா. நாலு பக்கமும் கட்டிப்போட்டா அது என்ன செய்யும்? மூச்சுவிட இடம் வேணுமில்லீங்களா?"

மரம் மூச்சு விடுகிறதென்று தச்சர் சொன்னது வெறும் உபமானமன்று. சாஸ்திர ரீதியான உண்மைக்கு மிகவும் நெருங்கிய வார்த்தை. வெட்டி, அறுத்து, உலர்த்தி, மெருகிட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் திருப்பிக் கொடுத்துக்கொண்டுமே இருக்கிறது. ஈரத்தை வாங்கும்போது பருக்கிறது, கொடுக்கும்போது சுருங்குகிறது. இதில் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. மரத்தின் நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், இந்த மாறுதல் மிகமிகச் சொற்பம். நாருக்குக் குறுக்கே, அகலவாக்கில்தான் மாறுதல் அதிகம்.

தேக்கை எடுத்துக்கொள்வோம். அதிகமாக முறுக்கிக்கொள்ளாத, நிதானமான மரம் என்று அதற்குப் பெயர். அந்தத் தேக்கே பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்வதற்குள் அகலத்தில் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு சுருங்குகிறது. நீளத்தில் நூற்றுக்குக் கால் பங்கு கூட இராது. வீட்டிற்குள் வந்துவிட்ட பலகை அவ்வளவு தூரம் மாறாது என்பது உண்மையே. ஆனால் ஐப்பசி மழைக்கும் அக்கினி நட்சத்திரத்துக்கும் இடையே, பலகையிலுள்ள ஈரம் நூற்றுக்கு 4 பங்கு ஏறி இறங்கினால் கூட, 12 அங்குல அகலமுள்ள பலகை 2 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று குறுகும். குளிர்சாதனம் வைத்த அறையாயிருந்தால், காற்று உலர்வதும் ஈரமாவதும் ஒரே நாளில் பல தடவை நிகழ்கின்றன.

இரண்டு மில்லிமீட்டர் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். மூலைக்கு ஒன்றாக நான்கு திருகாணிகளை இறுக்கிய பலகைக்கு அது பிரமாதந்தான். சுருங்க முயலும் பலகையை இரண்டு பக்கத்து ஆணிகளும் விடமாட்டோமென்று பிடித்துக்கொள்கின்றன. அந்த இழுபறியில் எங்கே நார் பலவீனமாக இருக்கிறதோ அங்கே பலகை விட்டுக்கொடுக்கிறது. பருக்கும் காலத்திலோ, பக்கவாட்டில் போக இடமில்லாமல் நடுவில் வயிறு தள்ளுகிறது. பலகை தடித்ததாயிருந்தால் கொஞ்சம் எதிர்த்துப் பார்க்கும். மெல்லிய பலகைக்கு அந்தச் சக்தி ஏது?

இந்தச் சங்கடம் நம் வீட்டுச் சுவர்களுக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரத்து லூவர் மியூஸியத்தில் லியோனார்டோ டாவின்சியின் மோனாலிஸாச் சித்திரம் இருக்கிறதல்லவா? அது துணியில் எழுதியதன்று. சுமார் 13 மில்லிமீட்டர் கனமுள்ள பாப்லார் மரப்பலகையில் எழுதியது. அதன் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு பழைய விரிசல் இறங்குகிறது. அது வளராமலிருக்கும் பொருட்டுப் பின்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவமான மரத்துண்டுகளைப் பதித்திருந்தார்கள். இன்று அந்தப் பலகை, இளகிக் கொடுக்கும் ஒரு சட்டத்தில், வெப்பமும் ஈரமும் மாறாத கண்ணாடி அறைக்குள் வைத்துக் காப்பாற்றப்படுகிறது.

ஐரோப்பாவிலேயே வேறு பல பழைய பலகைச் சித்திரங்களுக்கு நேர்ந்த கதியோ பரிதாபமானது. 19-ஆம் நூற்றாண்டில், பலகை வளையக் கூடாதென்று அவற்றின் பின்பக்கத்தை இழைத்து மெலிதாக்கி, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களை ஒட்டி இறுக்கினார்கள். சட்டங்கள் நாளடைவில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தன, சித்திரங்கள் பிளந்தன. காப்பாற்றப் போட்ட கட்டே அவற்றிற்குக் காலனாயிற்று. பிற்காலத்தில் அந்தச் சட்டங்களை அகற்றுவதே சித்திரப் பாதுகாப்பாளர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

நம் நாட்டிலும் மரத்தின் மேல் சித்திரம் எழுதுவது புதிதல்ல. தஞ்சாவூர்ச் சித்திரங்களுக்குப் பலகைப் படம் என்றே ஒரு பெயர் உண்டு. பலாப் பலகையின் மேல் துணியை ஒட்டி, அதன்மேல் எழுதினார்கள். பழைய வீடுகளின் கூடத்தில் அவற்றை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். படத்தின் அடிப்பாகம் சுவரில் பதித்த இரண்டு தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கும். மேற்பாகம் ஒரு கயிற்றிலோ கம்பியிலோ கட்டுண்டு, பார்ப்பவரை நோக்கிச் சற்றே குனிந்திருக்கும். பாரம் முழுவதும் தாங்கியின்மேல். மேலே உள்ள கயிறு, படம் முன்னால் விழாமல் பிடித்துக்கொள்கிறதே யொழிய, அதைத் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. பின்னால் காற்றுப் போக இடம் இருக்கிறது. முகத்தில் தூசி படிவதும் குறைவு. யாரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்!

ஆகவே, மெல்லிய பலகையை மாட்டுகிறவர் மூன்று காரியங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பலகையைத் தாங்கவேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. பின்பக்கத்தில் அரை விரற்கடையாவது காற்று உலாவ இடம் விடவேண்டும். முன்பக்கத்துக்கு மெருகு கொடுத்திருந்தால் பின்பக்கத்துக்கும் கொடுக்கவேண்டும். முகத்தில் மட்டும் மெருகிட்டு முதுகை வெறுமையாக விட்டால், முதுகு மட்டும் ஈரத்தைக் குடித்துப் பலகை கிண்ணம்போல் வளையும். கடையில் வாங்கும் பல சித்திரங்களில் முதுகு வெறுமையாகத்தான் இருக்கிறது. மெழுகோ வார்னிஷோ ஒரு பூச்சுப் பூசிவிடுவது நல்லது.

பாரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 12 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கால் அங்குலக் கனமும் உள்ள தேக்குப் பலகை சுமார் அரைக் கிலோ எடைதான் இருக்கும். ஈட்டிப் பலகையானாலும் முக்கால் கிலோவைத் தாண்டுவது அரிது. நிலைக்கண்ணாடிக்கு அடிக்கும் ஆணியை இதற்கு அடிப்பது, கொசுவை உலக்கையால் அடிப்பதற்கு ஒப்பாகும்.

இனி வழிகளைச் சொல்லுகிறேன்.

முதல் வழி, சாய்வுக் கட்டை. சகோதரியின் யானைச் சித்திரத்திற்கு நான் சிபார்சு செய்வது இதைத்தான். இரண்டு அங்குல அகலமும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனமும் உள்ள ஒரு தேக்கு ரீப்பரை வாங்கி, நீளவாக்கில், வாளை 45 பாகை சாய்த்துப் பிடித்து இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு விளிம்பு சாய்வாக இருக்கும். ஒரு துண்டைச் சுவரில் திருகவேண்டும். அதன் சாய்ந்த விளிம்பு மேலே இருக்கட்டும், சாய்வு சுவரை நோக்கி இறங்கட்டும். அப்போது கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம் உண்டாகும். மற்றொரு துண்டைப் பலகையின் முதுகில், சாய்ந்த விளிம்பு கீழே வரும்படி ஒட்டினால், அது அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எடுக்கவேண்டுமானால் பலகையை மேலே தூக்கினால் போதும். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு நிமிஷ வேலை.

இதில் முக்கியமான நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பலகையின் முதுகில் ஒட்டும் கட்டையை ஒரே நீளத் துண்டாக ஒட்டக்கூடாது. நார் மேலும் கீழுமாக ஓடும் பலகையில் குறுக்கே ஒரு நீளக் கட்டையை ஒட்டினால், நான்கு மூலைத் திருகாணிகள் செய்த அதே அக்கிரமத்தை அந்தக் கட்டை செய்யும். அதற்குப் பதிலாக ஒன்றரை அங்குல நீளத்தில் இரண்டு சிறு துண்டுகளாக நறுக்கி, இடமும் வலமுமாகத் தள்ளி, ஒரே மட்டத்தில் ஒட்டவேண்டும். சுவரில் உள்ள கட்டை மட்டும் நீளமாக இருக்கட்டும். பலகை பருக்கும்போதும் சுருங்கும்போதும் இந்த இரண்டு துண்டுகளும் சுவர்க்கட்டையின் மேல் சிறிது நகர்ந்து கொடுக்கும். பலகைக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிட்டது!

ஒட்டுமுன் அந்த இரண்டு இடங்களிலும் பழைய மெருகை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவேண்டும். மெருகின் மேல் ஒட்டினால் பசை மெருகைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. தச்சர்கள் முன்பு வஜ்ரம் காய்ச்சி ஒட்டினார்கள். இக்காலத்து வெள்ளைப் பசையே போதும். பலகையை முகம் கீழாக மடித்த கம்பளியின் மேல் கிடத்தி, துண்டுகளின் மேல் தடித்த புத்தகங்களை ஓர் இரவு முழுவதும் பாரமாக வைக்கவும். கால் அங்குலப் பலகையில் திருகாணி வேண்டவே வேண்டாம். நுனி முகத்தில் எட்டிப் பார்த்துவிட்டால் யானையின் காதில் ஓட்டை விழும். பலகையின் அடியில், அதே கனமுள்ள இரண்டு தக்கைத் துண்டுகளை மூலைக்கு ஒன்றாக ஒட்டிவிட்டால், படம் கீழே சுவரோடு ஒட்டிச் சாயாமல் நேராக நிற்கும். காற்றுக்கும் வழி கிடைக்கும்.

இரண்டாவது வழி, சல்லடை வேலைக்கு உரியது. கொடிகளும் பூக்களும் மயில்களுமாக, நுண்வாளால் அறுத்து இடையிடையே வெளி விட்டிருக்கும் பலகைகளைச் சொல்கிறேன். இவற்றில் துளையிடுவது வீண் காரியம்; செய்தவரே வேண்டிய துளைகளை விட்டிருக்கிறாரல்லவா? மேற்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக, அடிமரம் சற்றுத் தடித்திருக்கும் இரண்டு இடைவெளிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றிற்கு நேராகச் சுவரில் இரண்டு மெல்லிய பித்தளை ஆணிகளை இறக்கி, ஆணியின் மேல் சிறு ரப்பர்க் குழாயைச் செருகி, பலகையை அவற்றில் தொங்கவிடுங்கள். ஒரு பக்கத்து ஆணி இடைவெளியில் சரியாக அமரட்டும். மறுபக்கத்து ஆணிக்கு இருபுறமும் கொஞ்சம் இடம் இருக்கட்டும். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அங்குலம் விட்டால், விளக்கு வெளிச்சத்தில் கொடியின் நிழல் சுவரில் விழும். சல்லடை வேலையில் பாதி அழகு அந்த நிழலில் இருக்கிறது. சுவரோடு ஒட்ட வைத்து அதைக் கொன்றுவிடாதீர்கள்.

மூன்றாவது வழி, பள்ளமிட்ட பலகைத் தட்டு. இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு கட்டையின் மேற்பக்கத்தில், சித்திரத்தின் கனத்தைவிடச் சற்று அகலமாக ஒரு நீளப் பள்ளம் எடுத்துச் சுவரில் பொருத்தவேண்டும். சித்திரத்தின் அடி விளிம்பு அந்தப் பள்ளத்தில் நிற்கும்; தலை சுவரில் சாய்ந்திருக்கும். சாயும் இடத்தில் இரண்டு சிறு கம்பளித் துண்டுகளை ஒட்டிவிட்டால் சுவர் ஈரம் பலகையைத் தொடாது. பலகையில் பசையும் இல்லை, துளையும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட உத்தமமான முறை கிடையாது. நான்கைந்து சித்திரங்களுக்கு ஒரே தட்டும் அதற்கு இரண்டு மூன்று துளைகளுமே போதும். ஆனால் தட்டு, குழந்தைகளின் கை எட்டும் உயரத்துக்கு மேலேயும், கதவு படீரென்று சாத்தும் சுவரிலிருந்து விலகியும் இருப்பது அவசியம்.

நான்காவது வழி, சட்டம். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கும் குறைந்த மிக மெல்லிய வேலைகளுக்குச் சட்டமில்லாமல் தீராது. சட்டத்தின் உட்பள்ளத்தை, சித்திரத்தை விடப் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் கதர்த் துணி போர்த்திய ஒட்டுப் பலகை ஒன்றை வைத்து, சித்திரம் ஆடாமலும் நெருங்காமலும் இருக்கும்படி ஓரங்களில் தக்கை வைக்கலாம். படச்சட்டம் போடும் கடைகளில் பழக்கத்தின் காரணமாகச் சுற்றிலும் சிற்றாணி அடித்து இறுக்கிவிடுவார்கள். கண்ணெதிரில் நின்று தடுத்தாலன்றி இந்தப் பழக்கம் நிற்காது.

செய்யக்கூடாத காரியங்களையும் சொல்லவேண்டும். பலகையின் இரு ஓரங்களிலும் வளையம் திருகி, நடுவில் கம்பியோ கயிறோ கட்டி, ஒற்றை ஆணியில் மாட்டுவது நம்மவர்க்கு மிகவும் பிடித்த முறை. தடித்த சட்டமுள்ள படத்துக்கு அது சரி. மெல்லிய பலகைக்கு ஆகாது. ஏனென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், அதன் ஒவ்வொரு பாதியிலும் ஏற்படும் இழுவிசை படத்தின் முழு எடைக்குச் சமம். ஆணி வெளியில் தெரியக்கூடாதென்று கயிற்றை விறைப்பாகக் கட்டி, சாய்வை 10 பாகையாகக் குறைத்துவிட்டால், இழுவிசை எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. அந்த இழுப்பு இரண்டு ஓரங்களையும் ஒன்றை நோக்கி மற்றொன்றைத் தள்ளுகிறது. மெல்லிய பலகை வில்லாக வளையாமல் என்ன செய்யும்?

இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாக்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஆணியே வேண்டாம் என்ற ஆசையில் பலர் அவற்றை வாங்குகிறார்கள். நாடா சுவரைப் பிடிப்பதில்லை. சுவரின் மேலுள்ள சுண்ணாம்பையோ வர்ணத்தையோதான் பிடிக்கிறது. கோடையில் சுண்ணாம்புப் பொறுக்கோடு சித்திரமும் ஒருநாள் நடுநிசியில் கீழே வந்து சேரும். பலகையின் முதுகு முழுவதும் பசை தடவிச் சுவரோடு அப்பிவிடுவதோ எல்லாவற்றிலும் கொடிது. பிறகு சித்திரத்தை முழுதாக எடுக்க எந்தத் தச்சராலும் முடியாது.

திருகாணிதான் போடவேண்டும் என்று பிடிவாதமாயிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நார் மேலும் கீழுமாக ஓடும் பலகையானால் மேல்விளிம்பின் நடுவில் ஒரு வட்டத் துளையும், அதற்கு இருபுறமும் பக்கவாட்டில் நீண்ட துளையும் எடுங்கள். நடுத்துளை பலகையை இடத்தில் நிறுத்தும். பக்கத்துத் துளைகள் அதை நகரவிடும். ஆணித் தலைக்குக் கீழே ஒரு தோல் வில்லையைப் போட்டு, கைக்கு இதமாகத் திருகிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசைதான் பலகைக்கு எமன்.

சுவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உட்சுவரின் மேற்பூச்சு சாதாரணமாக அரை அங்குலக் கனமே இருக்கும். பூச்சில் மட்டும் நிற்கும் ஆணி நிற்காத ஆணிதான். சுத்தியால் அடித்துப் பூச்சை உதிர்ப்பதைவிட, 6 மில்லிமீட்டர் துளை ஒன்றை இரண்டு அங்குல ஆழத்துக்கு இயந்திரத்தால் இட்டு, பிளாஸ்டிக் ஆப்போ தேக்கு ஆப்போ செருகித் திருகாணியை இறக்குவதே நல்லது. ஸ்விட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிட வேண்டாம். மின்சாரக் கம்பி சுவருக்குள் அந்த வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. சித்திரத்தின் அளவுக்கு ஒரு பழைய பத்திரிகைத் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, எட்ட நின்று பார்த்து, இடம் திருப்தியான பிறகு குறி வைக்கவும். கொத்தனாரிடம் உள்ள ரசமட்டத்தை ஐந்து நிமிஷம் இரவல் வாங்கினால் கோணல் என்ற பேச்சே எழாது. சித்திரத்தின் நடுப்பாகம் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருந்தால், நிற்பவர் கண்ணுக்கு நேராக அமையும்.

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவர், அடுப்புக்கு மேலுள்ள சுவர், ஜன்னல் வெயில் நேராக விழும் சுவர், குளிர்சாதனத்தின் காற்று முகத்தில் அடிக்கும் இடம் இவற்றையெல்லாம் தவிர்க்கவேண்டும். மாட்டிய பிறகு மறந்துவிடாமல், மாதத்துக்கு ஒரு தடவை சித்திரத்தை எடுத்து முதுகைப் பார்ப்பது நலம். மண் கோடு தெரிந்தால் கறையான். அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உளு. இரண்டும் ஆரம்பத்தில் கண்டால் அகப்படும். ஒரு வருஷம் கழித்துக் கண்டால் சித்திரத்தின் மெருகு மட்டுந்தான் அகப்படும்.

இவ்வளவு சிரமம் ஒரு பலகைக்கா என்று யாராவது கேட்கலாம். சிரமப்பட வேண்டியது பலகைக்காக மட்டுமன்று. மைசூர் அரண்மனையின் அம்பாவிலாஸ் மண்டபத்தில் தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவைப் பார்த்தவர்கள் அந்தப் பதிப்பு வேலையின் கௌரவத்தை அறிவார்கள். தந்தத்தின் வியாபாரம் சட்டத்தால் தடுக்கப்பட்டபின், அந்தத் தொழிலாளிகள் தொழிலைக் கைவிட்டுவிடவில்லை. பல நிற மரங்களையே வர்ணங்களாகக் கொண்டு சித்திரம் செய்கிறார்கள். நம் பக்கத்தில் பெரம்பலூர் ஜில்லா அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊரின் பெயரைச் சட்டம் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர் நிலைப்பதும் கெடுவதும் வாங்கியவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு சித்திரம் பிளந்தால், அதைப் பார்த்த பத்து வீட்டார், "கைவேலை நீடிக்காது, அச்சடித்த தகரப் படமே மேல்" என்று தீர்மானித்துவிடுகிறார்கள். ஆணி செய்த குற்றத்துக்கு உளி தண்டனை அநுபவிக்கிறது. என் நண்பரே இதற்குச் சாட்சி. தச்சர் அந்த விரிசலைப் பசையால் சேர்த்து, முதுகில் இரண்டு சாய்வுத் துண்டுகளை ஒட்டிக்கொடுத்த பிறகு இரண்டு கோடைகள் கழிந்துவிட்டன, பலகை அசையவில்லை. மரத்தின்மேல் சுமத்திய புகாரை நண்பரும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

விற்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பூம்புகார் முதலிய கைத்தொழில் விற்பனை நிலையங்களும், சிற்பத் தொழிலாளர்களும், மெல்லிய பலகைச் சித்திரம் ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு சாய்வுத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கு வேண்டிய ஜோடிக் கட்டையையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். கூடுதலாகப் பிடிக்கும் மரம் ஒரு சாண் நீளம். வேலை கால் மணி நேரம். எப்படி மாட்டவேண்டும் என்று தமிழில் நான்கு வரி அச்சடித்த சீட்டு ஒன்றையும் வைத்துவிட்டால், வாங்குகிறவர் ஆணியையும் சுத்தியையும் தேடிப் போகமாட்டார். அப்படிச் செய்யும் வரையில், வாங்குகிறவர்களாகிய நாமே கடையில் நின்று, "இதை எப்படி மாட்டுவது? முதுகில் கட்டை ஒட்டித் தருவீர்களா?" என்று கேட்போம். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது பேருக்குக் கேட்காமலே கிடைக்கும்.

சகோதரி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருக்கும் யானைகளை வெளியே எடுக்கட்டும். ஆனால் எடுத்தவுடனே மாட்டிவிட வேண்டாம். கூடத்து மேஜையின் மேல், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி குச்சிகளின்மேல் கிடத்தி, ஒரு வாரம் வைத்திருக்கட்டும். பீரோவின் காற்று வேறு, கூடத்தின் காற்று வேறு. புது இடத்துக்குப் பலகை பழகிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குள் தச்சரைக் கூப்பிட்டு ரீப்பர் அறுக்கச் சொல்லிவிடலாம்.